கடிதத்துக்குப் பின்னர்: கியூபாவில் வளர்ந்தோர் கல்வியின் இரண்டாம் கட்டம்

1961 ஆம் ஆண்டில் கியூபாவில் நடைபெற்ற எழுத்தறிவு இயக்கம் உலகப் பிரசித்தமானது. நகரத்துப் பள்ளிகளை மூடிவிட்டு, ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவ மாணவியர் விளக்கும் தொங்குமஞ்சமும் பாடநூலுமாக மலைநாட்டுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்ற காட்சி, எவருடைய மனத்தையும் ஈர்க்கவல்லது. பகலில் விவசாயியோடு வயலில் உழைத்து, இரவில் அவனுக்கு எழுத்துக் கற்பித்த இவ்விளைஞர்களைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் பாடல்களும் தோன்றின. ஆயின், அவ்வாண்டு டிசம்பர் 22 ஆம் திகதி நாடு எழுத்தறியாமையிலிருந்து விடுபட்டதெனப் பிரகடனஞ் செய்யப்பட்டதன் மறுநாள் என்ன நிகழ்ந்தது என்பது அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. எழுத்தைக் கற்றுக்கொண்ட நாற்பது வயது மனிதன் அடுத்து என்ன செய்தான்? ஆரம்பப் பள்ளியை முடித்தானா? தன் தொழிலில் முன்னேறினானா? இக்கட்டுரையில் நாம் அவதானிக்க முயல்வது இந்த இரண்டாம் கட்டத்தையே. வீரயுகம் முடிந்த பின் தொடங்கும் அன்றாட வேலையிலேயே ஒரு சமூகத்தின் கல்விக் கொள்கை உண்மையில் பரிசோதிக்கப்படுகிறது என்பது எமது கருத்து.

முதலிற் சில தரவுகளை மனங்கொள்ளல் வேண்டும். 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கியூபாவில் எழுத்தறியாதோர் நூற்றுக்கு 23.6 வீதத்தினர். நகர்ப்புறத்தில் இது 11.6 வீதமாகவும் கிராமப்புறத்தில் 41.7 வீதமாகவும் இருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரமே அந்நாட்டு வர்க்க அமைப்பின் சித்திரம் எனலாம். கரும்பு அறுவடை நடைபெறும் சில மாதங்களில் மட்டும் கூலி பெற்று, ஆண்டின் எஞ்சிய பகுதியைக் கடனிலும் பட்டினியிலும் கழித்த தொழிலாளர் அந்த இடைக்காலத்தைச் 'செத்த காலம்' என அழைத்தனர். தோட்டப் பொருளாதாரத்துக்கு எழுத்தறிந்த கூலி தேவைப்படவில்லை. கத்தியைப் பிடிக்கும் கையே தேவைப்பட்டது. தேயிலையையும் இறப்பரையும் அறிந்த எமது வாசகருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

1961 இல் எழுத்தறியாதோர் என இனங்காணப்பட்டவர்கள் 979,207 பேர். அவர்களுள் 707,212 பேர் அவ்வாண்டிலேயே எழுத்தறிவு பெற்றனர். வீதம் 3.9 ஆகக் குறைந்தது. மாணவர் மட்டுமன்றித் தொழிற்சாலைகளிலிருந்து ஊதியத்துடன் விடுவிக்கப்பட்ட தொழிலாளரும், தொழில்முறை ஆசிரியரும், தம் ஓய்வு நேரத்தில் அயலவர்க்குக் கற்பித்த சாதாரண மக்களுமாக இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பணியில் ஈடுபட்டனர். அவ்வாண்டு ஏப்பிரலில் பிளாயா கிரோன் படையெடுப்பு நிகழ்ந்தது என்பதையும், எஸ்கம்பிராய் மலைப்பகுதியில் கொன்ராடோ பெனித்தேஸ் என்ற பதினெட்டு வயது ஆசிரியர் ஜனவரியிலும், மனுவேல் அஸ்குன்சே என்ற பதினாறு வயது மாணவர் நவம்பரிலும் எதிர்ப்புரட்சிக் குழுக்களாற் கொல்லப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. எழுத்தறிவித்தல் அங்கு அரசியலுக்கு வெளியே நின்ற தருமகாரியமாக இருக்கவில்லை.

இலக்கிய மாணவராகிய எமக்கு அவ்வியக்கத்தின் பாடநூல் தனியார்வம் ஊட்டுவது. 'வெல்வோம்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட அந்நூலில் பதினைந்து பாடங்கள் இருந்தன. முதற்பாடம் மூன்று உயிரெழுத்துகளைக் கற்பிக்கிறது. அவற்றைச் சேர்த்தால் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானியச் சுருக்கப் பெயர் வருகிறது. இரண்டாம் பாடத்தின் சொல் காணிச் சீர்திருத்த நிறுவனத்தின் பெயர். அம்மா, ஆடு, இலை எனத் தொடங்கும் குழந்தைப் பாடநூலை வளர்ந்தவன் கையிற் கொடுத்து அவனை மீண்டும் சிறுவனாக்குவதே உலகெங்கும் முதியோர் கல்வியின் பெரும்பிழையாக இருந்துவந்துள்ளது. கியூபப் பாடநூல் அப்பிழையைச் செய்யவில்லை. நிலம், கூட்டுறவு, வாடகை, மீன்பிடி என வளர்ந்தவனின் உலகத்தையே அது எழுத்தாக்கிற்று. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கற்பவன் விவாதிக்க வேண்டிய கருத்தை அவனுக்கு முடிவாகவே கொடுத்துவிடும் போக்கு அந்நூலில் வெளிப்படையாகவே உள்ளது. பின்னாளிற் பிரேசிலைச் சேர்ந்த பாவுலோ பிரெய்ரே வற்புறுத்திய உரையாடல் முறையோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு தெளிவாகும்.

பாடங்களை முடித்தவர் எழுதிய இறுதிப் பரீட்சையின் ஒரு பகுதி, பிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதுதல். அக்கடிதங்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. ஹவானாவிலுள்ள எழுத்தறிவு அருங்காட்சியகத்திற் பாதுகாக்கப்படுகின்றன. பல கடிதங்களில் நன்றியோடு ஒரு வேண்டுகோளும் இருந்தது: மேலும் கற்க விரும்புகிறோம் என்பதே அது. யுனெஸ்கோ நிறுவனம் 1964 இல் அனுப்பிய ஆய்வாளரும் இவ்வியக்கத்தைத் தொடர்ச்சியான கல்வியின் முதற்படியாகவே நோக்கினர். ஏனெனில் ஒரு சில மாதப் பயிற்சியால் எய்தப்பட்ட நிலை ஏறக்குறைய முதலாம் வகுப்பு நிலையே. பயிலாதுவிடின் அது சில ஆண்டுகளில் அழிந்துவிடும். பல நாடுகளின் எழுத்தறிவுத் திட்டங்கள் இவ்விடத்திலேயே செயலிழந்து போயின. பெயரைக் கையொப்பமிடக் கற்றவன் பத்தாண்டின் பின் மீண்டும் பெருவிரலை மையில் தோய்க்கிறான்.

கியூபாவில் 1962 ஆம் ஆண்டிலேயே 'தொடர்ச்சி' என்னும் பெயரில் புதிய வகுப்புகள் தொடங்கப்பட்டன. காலப்போக்கில் இவை மூன்று படிகளைக் கொண்ட தனிக் கல்வி அமைப்பாக உருப்பெற்றன. முதற்படி ஆறாம் வகுப்பு வரையும், இரண்டாம் படி ஒன்பதாம் வகுப்பு வரையும், தொழிலாளர் விவசாயிகள் கல்விப்பீடம் என வழங்கும் மூன்றாம் படி பல்கலைக்கழக வாயில் வரையும் இட்டுச் செல்லும். இம்மூன்றாவது, சோவியத் ஒன்றியத்தில் 1919 இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் கல்விப்பீடங்களை ஒத்தது. பல்கலைக்கழகத்தின் கதவுகளைச் சட்டத்தாற் திறந்துவிட்டால் மட்டும் தொழிலாளி உள்ளே வந்துவிடமாட்டான் என்பதைச் சோவியத் அனுபவம் உணர்த்தியிருந்தது. 1918 ஆகஸ்டில் சான்றிதழ் எதுவுமின்றிப் பல்கலைக்கழகத்தில் எவரும் சேரலாம் எனச் சட்டமியற்றப்பட்டது. ஆயினும் விரிவுரையைப் பின்தொடரத்தக்க அடிப்படைக் கல்வி இல்லாமையால் அச்சட்டம் பெரிதும் பயன்படவில்லை. உரிமைக்கும் ஆற்றலுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்ப ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது. பள்ளிக்கல்வியை இடையில் விட்டவர் அதனை நிறைவு செய்யும் ஏற்பாடு எதுவாயினும் அதன் தேவை இவ்வெற்றிடத்திலேயே பிறக்கிறது.

இப்புதிய அமைப்பின் முதற் பயனாளிகளுள் ஒரு சாரார் தனிக் கவனத்துக்குரியோர். புரட்சிக்கு முன் ஹவானாவின் செல்வந்தர் வீடுகளில் வேலை செய்த பணிப்பெண்கள் பல்லாயிரவர். எசமானர் மியாமிக்குப் புறப்பட்டுச் சென்றபோது அவர்கள் வேலையிழந்தனர். அவர்களுக்கென 1961 முதல் இரவுப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஆரம்பக் கல்வியோடு தட்டெழுத்து, கணக்கு வைப்பு, மோட்டார் வாகனம் செலுத்துதல் முதலியனவும் கற்பிக்கப்பட்டன. நேற்றுவரை சமையற்கட்டில் நின்றவர்கள் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தனர். வாடகைக் கார் ஓட்டினர். இவர்களுட் கணிசமானோர் கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்து நோக்கினால், இரவுப் பள்ளியொன்று வர்க்கம், இனம், பால் ஆகிய மூன்று தளைகளையும் ஒருங்கே தொட்டது புலப்படும்.

ஆயினும் பெரும்பான்மைத் தொழிலாளரின் கல்வி மந்தகதியிலேயே முன்னேறிற்று. 1970 இல் ஒரு கோடி தொன் சீனி உற்பத்தி செய்யும் இலக்கை நோக்கி நாடு முழுவதும் கரும்புக் காட்டுக்குள் இறக்கப்பட்டது. 85 இலட்சம் தொன் கிடைத்தது. ஏனைய துறைகள் யாவும் சீர்குலைந்தன. வெறும் ஆர்வத்தையும் கையுழைப்பையும் கொண்டு பொருளாதாரத்தை உந்திச் செல்ல முடியாது என்பது அத்தோல்வி தந்த பாடம். இதன் பின்னரே இயந்திரமயமாக்கல் தீவிரமடைந்தது. 1977 இல் ஒல்கின் நகரில் கரும்பு அறுவடை இயந்திரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. கத்தியால் வெட்டியவன் இயந்திரத்தைச் செலுத்த வேண்டுமெனில், அதன் கைந்நூலை வாசிக்கவும், எண்ணெய் அளவைக் கணக்கிடவும், பழுதினை விவரித்து எழுதவும் வேண்டும். ஒன்றாம் வகுப்புக் கல்வி அதற்குப் போதாது. 'ஆறாம் வகுப்புக்கான போர்' என்ற முழக்கம் 1970களின் நடுப்பகுதியில் எழுந்ததற்கு இப்பொருளாதார அடிப்படை உண்டு. இலட்சியம் மட்டும் அதனைத் தோற்றுவிக்கவில்லை.

இதற்குத் தலைமை தாங்கியது கல்வியமைச்சு மட்டுமன்று. கியூபத் தொழிலாளர் மத்திய சங்கமே முன்னின்றது. இதுவே அவ்வமைப்பின் சிறப்பியல்பு என நாம் கருதுகிறோம். வகுப்பு வேலைத்தலத்திலேயே நடந்தது. வேலை நேரம் முடிந்ததும், அல்லது முறைமாற்றத்துக்கு ஏற்ப முற்பகலிலோ பிற்பகலிலோ, தொழிற்சாலையின் உணவுக்கூடம் வகுப்பறையாயிற்று. கரும்பு அறுவடைக் காலத்தில் வகுப்புகளைக் குறைத்து ஏனைய மாதங்களில் ஈடுசெய்தனர். போதிய ஆசிரியர் இல்லாதவிடத்துத் தொழிலாளருள் மேல்வகுப்புப் படித்தவரே கற்பித்தார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதைச் சங்கக் கிளை கவனித்தது. வராதவனைத் தேடி அவன் சகதொழிலாளியே சென்றான். 1980 இல் இப்போர் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ந்தோர் ஆறாம் வகுப்பை நிறைவுசெய்திருந்தனர். உடனடியாக 'ஒன்பதாம் வகுப்புக்கான போர்' தொடங்கிற்று. அமெரிக்க ஆசிரியரான ஜொனதன் கோசோல் 1978 இல் வெளியிட்ட 'புரட்சியின் குழந்தைகள்' என்னும் நூல் இக்காலப்பகுதியின் நேரடிப் பதிவாகும்.

தொழிற்சங்கம் கல்வியைத் தன் வேலையாக ஏற்றமைக்கு அந்நாட்டில் ஒரு நீண்ட மரபு உண்டு. 1865 ஆம் ஆண்டு ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில், வேலை நடந்துகொண்டிருக்கையில் ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் கேட்கும் வழக்கம் தொடங்கிற்று. காலையிற் பத்திரிகை, பிற்பகலில் நாவல். வாசிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளரே தமக்குள் திரட்டிக் கொடுத்தனர். எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். ஓராண்டு முடிவதற்கிடையில் ஸ்பானியக் காலனித்துவ அரசு இதனைத் தடைசெய்தமை அதன் ஆற்றலுக்குச் சான்று. புகழ்பெற்ற சுருட்டு வகையொன்று இன்றும் டூமாவின் நாவற் பெயரான மொந்தே கிறிஸ்ரோ என்பதைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் கண்ணூரின் பீடித் தொழிலகங்களிலும் இதே வழக்கம் நிலவியதை எமது வாசகர் அறிவர். கைகளுக்கு வேலையும் காதுகளுக்கு ஓய்வும் உள்ள, இரைச்சலற்ற தொழிலில் மட்டுமே இத்தகைய வாசிப்பு சாத்தியம். 1939 இல் தொழிலாளர் மத்திய சங்கம் தோன்றியபோது அதன் தலைமையை ஏற்ற லாசரோ பெஞ்ஞா ஒரு புகையிலைத் தொழிலாளி என்பது தற்செயலன்று. 1973 இல் அவரே மீண்டும் அச்சங்கத்தின் தலைமைக்கு வந்து, மறு ஆண்டில் காலமானார். புரட்சி அரசு நிறுவிய தேசிய அச்சகம் 1960 இல் வெளியிட்ட முதல் நூல் செர்வாந்தேசின் 'டொன் கிஹோட்டே' என்பதும் இம்மரபின் வழிவந்த செயலே. நான்கு பாகங்கள், ஓர் இலட்சம் பிரதிகள், பாகமொன்று 25 சதம்.

இவ்வமைப்பின் குறைபாடுகளை மூடிமறைத்தல் மார்க்சிய ஆய்வுக்கு அழகன்று. முதலாவதாக, இலக்கு எண்ணிக்கையாக மாறும்போது அதிகார வர்க்கத்தின் இயல்பான நோய்கள் தோன்றுகின்றன. வீதத்தைக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் தேர்ச்சித் தரத்தைத் தளர்த்தத் தூண்டும். 'போர்' என்ற உருவகமே சிந்தனைக்குரியது. போருக்கு வெற்றி நாள் உண்டு. கல்விக்கு அது இல்லை. இரண்டாவதாக, பெண் தொழிலாளிக்கு வேலை, வீடு, வகுப்பு என நாள் மூன்றாகப் பிளந்தது. வீட்டுப் பணியைக் கணவனும் சமமாகப் பகிர வேண்டும் என 1975 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் விதித்தது. சட்டம் விதித்ததற்கும் சமையலறையில் நடந்ததற்கும் இடைப்பட்ட தூரத்தை, நெசவாலைப் பெண்ணொருத்தியைப் பற்றிய 'தெரேசாவின் சித்திரம்' என்னும் 1979 ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒளிவுமறைவின்றிக் காட்டிற்று. இலக்கியத்திலோ, எழுத்தறிவிக்கச் சென்ற ஆசிரியர் விரைவிலேயே கதாநாயகரானார்: தொண்டர் ஆசிரியையொருத்தியைப் பற்றித் தௌரா ஒலேமா எழுதிய நாவல் 1962 இல் காஸா டி லாஸ் அமெரிக்காஸ் பரிசைப் பெற்றது. வேலை முடிந்த களைப்போடு பின்னக் கணக்குடன் மல்லாடும் ஐம்பது வயது மனிதனை அத்துணை ஆர்வத்துடன் எவரும் எழுதியதாக நாம் அறியோம்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான வினாவுக்கு வருவோம். பள்ளியை நிறைவு செய்த தொழிலாளிக்கு அக்கல்வியால் விளைந்தது யாது? மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் பெருங்கைத்தொழிலின் உள்முரண்பாடொன்றைச் சுட்டுகிறார். நவீன கைத்தொழில் தன் தொழில்நுட்ப அடிப்படையை ஓயாது மாற்றிக்கொண்டிருப்பதால், ஒரு வேலையிலிருந்து வேறொரு வேலைக்கு மாறவல்ல பன்முக ஆற்றலுடைய மனிதனை அது வேண்டிநிற்கிறது; ஆயின் அதன் முதலாளித்துவ வடிவமோ மனிதனை ஒரே நுணுக்க வேலையோடு பிணைத்து, அவ்வேலை மறையும்போது அவனையும் மிகையாக்கித் தெருவில் விடுகிறது. கியூபத் தொழிலாளர் கல்வி இம்முரண்பாட்டுக்கு விடையாகவே கருதப்பட்டது. அவ்விடை சோதனைக்கு உள்ளானது 1990களில்.

1991 இல் சோவியத் ஒன்றியம் மறைந்ததோடு கியூபச் சீனியின் உறுதியான சந்தையும் மலிவான எரிபொருளும் மறைந்தன. 1989 க்கும் 1993 க்கும் இடையில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. 1993 இல் டொலர் புழக்கம் சட்டபூர்வமாக்கப்பட்டபின் உல்லாசப் பயண விடுதியின் பரிசாரகன் பெறும் அன்பளிப்பு பொறியியலாளரின் சம்பளத்தை விஞ்சிற்று. இரவுப் பள்ளியிற் பத்தாண்டு உழைத்துப் பெற்ற சான்றிதழின் பெறுமதியைச் சந்தை ஒரே நாளில் தீர்மானித்துவிட்டது.

2002 இல் அரசு ஒரு பெரிய முடிவை எடுத்தது. நாட்டிலிருந்த 156 சீனி ஆலைகளுள் 71 மூடப்பட்டன. ஏறக்குறைய ஓர் இலட்சம் தொழிலாளரின் வேலை இல்லாமற் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கியூப வேளாண் விஞ்ஞானியான ஆல்வரோ ரெய்னோசோவின் பெயரால் வழங்கப்பட்ட இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க அம்சம், வேலையிழந்தவர் ஊதியம் குறையாமற் படிக்கலாம் என்ற ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பை முடிக்காதவர் அதனை முடிக்கவும், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர் தம் ஊரிலேயே பல்கலைக்கழகக் கிளையிற் சேரவும், ஏனையோர் பயிர்ச்செய்கை, கணினி முதலிய துறைகளிற் பயிலவும் வழி செய்யப்பட்டது. படிப்பதே தொழில் எனக் கூறப்பட்டது. இதற்கு முந்திய ஆண்டில், பள்ளியை விட்டு வேலையுமின்றி நின்ற இளைஞருக்கென உதவிப்பணத்துடன் கூடிய வகுப்புகளும் தொடங்கப்பட்டிருந்தன.

ஆலை மூடப்படும்போது தொழிலாளி தெருவுக்கு வராமல் வகுப்பறைக்குச் செல்லுதல், அவ்விரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் உலகில் அரிதான நிகழ்வே. உலக வங்கியின் ஆலோசனைப்படி ஆலைகளை மூடிய வேறு நாடுகளில் தொழிலாளிக்கு எஞ்சியது ஒருமுறை கொடுக்கப்பட்ட நட்டஈடும் தேநீர்க்கடைத் திண்ணையுமே. இவ்வேறுபாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இக்கல்வி எவ்வுற்பத்தியோடு இணைக்கப்பட்டிருந்தது? 1970களில் ஆறாம் வகுப்புப் படித்தவனுக்காக ஒல்கினில் ஓர் இயந்திரம் காத்திருந்தது. 2002 இல் படித்தவனுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. உற்பத்தி விரிவடையும்போது கல்வி தொழிலாளியை உயர்த்துகிறது. உற்பத்தி சுருங்கும்போது அதே கல்வி அவனைக் கண்ணியமாகக் காத்திருக்க வைக்கும் மண்டபமாகிறது. கணக்கேட்டில் அவன் வேலையற்றோன் அல்லன், மாணவன். முதலாளித்துவ நாடுகளிலும் இன்று 'திறன் மேம்பாடு' என்ற பெயரில் நடைபெறுபவற்றுட் பல இத்தகையனவே. அங்கு குற்றம் தொழிலாளியின் தலையிற் சுமத்தப்படுகிறது: வேலை இல்லாமை அவனுக்குத் திறன் இல்லாமையால் என்கிறார்கள். கியூபாவில் அப்பழி சுமத்தப்படவில்லை. இல்லாத வேலையை உண்டாக்கும் ஆற்றல் மட்டும் வகுப்பறைக்கு எங்கும் இல்லை.

2010 செப்டெம்பரில் அரசுத் துறையிலிருந்து ஐந்து இலட்சம் பேர் குறைக்கப்படுவர் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. அதனை வெளியிட்டது அமைச்சு அன்று. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தொழிலாளரைத் திரட்டிய அதே தொழிலாளர் மத்திய சங்கமே. சிகையலங்காரம், வாடகை வாகனம், சிற்றுணவு விற்பனை முதலிய சுயதொழில்களுக்கு மக்கள் திருப்பப்பட்டனர். 2011 இல் சீனி அமைச்சே கலைக்கப்பட்டது. ஒருகாலத்தில் 80 இலட்சம் தொன் விளைத்த நாட்டில் 2022 ஆம் ஆண்டு அறுவடை ஐந்து இலட்சம் தொன்னையும் எட்டவில்லை.

இதே காலத்தில் அந்நாட்டின் கற்பித்தல் அனுபவம் கடல் கடந்தது. எழுத்துகளை எண்களோடு இணைத்து, ஒலி ஒளிப் பாடங்களின் துணையாற் கற்பிக்கும் 'ஆம், என்னால் முடியும்' என்னும் முறையைக் கியூபக் கல்வியியலாளர் லியோனெலா ரெலிஸ் உருவாக்கினார். வெனிசுவேலாவில் 2003 இலும், பின்னர் பொலிவியா முதலிய நாடுகளிலும் அது கையாளப்பட்டது; 2006 இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு இதனைப் பரப்பிய கியூப நிறுவனத்துக்குக் கிடைத்தது. இம்முறைக்கு ஒரு தொடர்நூலும் உண்டு. 'ஆம், என்னால் தொடர முடியும்' என்பது அதன் பெயர். ஆறாம் வகுப்பு வரை இட்டுச் செல்வது அது. எழுத்தறிவோடு நிறுத்தினால் யாது விளையும் என்பதை 1962 இலேயே கற்றுக்கொண்டவர்கள் இத்தொடர்ச்சியைத் தம் ஏற்றுமதியிலும் மறக்கவில்லை. வெனிசுவேலாவிலும் எழுத்தறிவுத் திட்டம் தொடங்கிய அதே ஆண்டில், உயர்பள்ளியை நிறைவு செய்யாதவருக்கெனத் தனியான ரிபாஸ் திட்டம் தொடங்கப்பட்டது.

தொழிலாளர் விவசாயிகள் கல்விப்பீடம் கியூபாவில் இன்றும் இயங்குகிறது. பெயர் மாறவில்லை. ஆயின் அதன் வாங்குகளில் அமர்பவர்கள் முன்போல் ஆலையிலிருந்து எண்ணெய்க் கறையோடு வரும் நாற்பது வயதினர் அல்லர். பதினேழு பதினெட்டு வயதில் ஒழுங்கான பள்ளியை விட்டு விலகிய இளைஞரே பெரும்பாலோர். பள்ளிக்கூடமே எட்டாதிருந்தமையால் கல்வியிழந்த தலைமுறைக்காகக் கட்டப்பட்ட நிறுவனத்துக்கு, பள்ளிக்கூடம் வீட்டருகில் இருந்தும் அதனால் என்ன பயன் என வினவிய தலைமுறை வந்து சேர்ந்துள்ளது.